இரும்புக் குழாயில் வந்த இரைச்சல்

கம்பியைக் கட்டி முடித்த அன்றே என் மனைவி அதில் பாவாடையைக் காயப்போட்டுவிட்டாள்.

அது கொடி இல்லை, ஏரியல் என்றேன். கொல்லையில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே கம்பி கட்டினால் அதற்குப் பெயர் கொடிதான் என்றாள். ஏரியல் என்றால் இவ்வளவு தாழ்வாகவா இருக்கும் என்றும் கேட்டாள். மூங்கில்கள் என் அவசரத்துக்கு வெட்டிய பச்சை மூங்கில்கள். கம்பியின் இழுப்புக்கு இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் குனிந்து நின்றன. பாவாடை ஏறியதும் இன்னும் குனிந்தன.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஊரில் எனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, ஒரு மைக் செட்டும் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் என்று யார் கூப்பிட்டாலும் குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டிவிட்டு ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். மைக்கில் நான் பேசியதெல்லாம் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" மட்டும்தான். அதைச் சொல்லும்போதும் தரையைத்தான் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே ஒரு சின்ன ரேடியோ நிலையம் வைக்கப் போனதற்குக் காரணம் என் அண்ணன்.

அண்ணனும் நானும் பேசிப் பல காலம் ஆகிவிட்டது. எங்கள் இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவே ஒரு வரப்பு. நடவுக்கு முன்னால் அவர் பக்கம் வரப்போரத்தைச் செதுக்கி அவர் அண்டை வெட்டுவார், என் பக்கம் நான் வெட்டுவேன். இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி, அகலமாக இருந்த வரப்பு கயிறு மாதிரி ஆகிவிட்டது. இதை யார் குறைத்தது என்று ஒரு நாள் பேச்சு வந்தது. கூலியாட்கள் முன்னால் அவர் ஒன்று சொன்னார், நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். நான் பதில் சொல்லாததுதான் அவருக்குப் பெரிய கோபம் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

அண்ணி இறந்த பிறகு அவர் வீட்டில் தங்குவதில்லை. மகன் சிங்கப்பூரில். வீட்டைப் பூட்டிவிட்டு வயலில் மோட்டார் கொட்டகையிலேயே இருக்கிறார். எங்கள் கொல்லையில் நின்றால் அந்தக் கொட்டகை தெரியும். நடுவில் என் வயல், அந்த வரப்பு, அவர் வயல். அவ்வளவுதான் தூரம்.

இந்த நிலையில் என் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு ஒரத்தநாடு பக்கம். நிச்சயத்துக்கு அண்ணன் வரவில்லை. சம்பந்தி என்னைத் தனியாக அழைத்து, "உங்க அண்ணன் கல்யாணத்துக்காவது வருவாரா? எங்க சனம் கேக்குது" என்றார். அதையாவது சமாளித்துவிடலாம். தஞ்சாவூரில் வேலை பார்க்கும் என் மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "பெரியப்பாகிட்ட சொல்லியாச்சாப்பா?" என்பாள். அவளைத் தோளில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியவர் அவர். "அவரு வராம நான் மணையில உக்கார மாட்டேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டாள். அழுத்தமாகக்கூடச் சொல்லவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயம்.

போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நானும் கிளம்பினேன். வரப்பு வரைக்கும் போவேன். கொட்டகையில் அவர் முதுகு தெரியும். உடனே எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். மாட்டுக்குப் புல் அறுக்க வந்தவன் மாதிரி ஒரு கைப்பிடி அறுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். அந்த வரப்பில் புல்லே இல்லாமல் போய்விட்டது.

என் மனைவி வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைக்கத் தட்டைத் துலக்கி அலமாரியில் வைத்திருந்தாள். "தட்டை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் போனா ஆயிரும். இதுக்குப் போயி கம்பி கட்டுறீங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். சரியானதைச் சொன்னால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

என் யோசனை இதுதான். அண்ணனிடம் பழைய பேட்டரி ரேடியோ ஒன்று இருக்கிறது. அதில் முள் நகராது. ஒரே நிலையத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. மத்தியானம் அந்த நிலையம் கொஞ்ச நேரம் ஓய்ந்துவிடும். அப்போதும் அவர் ரேடியோவை அணைக்க மாட்டார். வெறும் 'உஸ்' சத்தத்தைக் கேட்டபடியே தூங்குவார். ஒன்றாக இருந்த காலத்திலேயே அது அவர் பழக்கம். அந்த நேரத்தில் அந்த இடத்தில் என் குரல் விழுந்தால் போதும். முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம்.

பாபநாசத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் இருக்கிறார். என் ஆம்ப்ளிஃபயருக்கும் அவர்தான் வைத்தியர். அவரிடம் விஷயத்தை முழுதும் சொல்லாமல், பக்கத்து வயல் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் வேண்டும் என்றேன். அவர் ஒரு பலகையில் பாகங்களை வைத்துப் பற்றவைத்து, பழைய டிபன் டப்பாவுக்குள் பொருத்திக் கொடுத்தார். பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி ஒரு காயிலும் கொடுத்தார்.

"தம்பி, இது விளையாட்டுச் சாமான். ஒங்க கொல்லையைத் தாண்டி ஒரு வயல் போனா அதிகம். ஸ்டேஷன் ஓடுற நேரத்துல இதைப் போடக்கூடாது, வம்பு. ஏரியலை ஒசரமாக் கட்டுங்க. எர்த்து நல்லா இருக்கணும்."

"எர்த்துன்னா கம்பி அடிச்சா போதுமா பாய்?"

"அடிங்க. பாத்துக்கலாம்."

இந்தப் 'பாத்துக்கலாம்' என்ற வார்த்தையை நம்பி நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

ஏரியலைப் பற்றி ஊரில் எல்லோரும் யோசனை சொன்னார்கள். தென்னையில் கட்டு என்றார் ஒருவர். கட்டினேன். காற்றில் மட்டை விழுந்து கம்பி அறுந்தது, மறுபடியும் மூங்கிலுக்கே வந்தேன். அலை கசியாமலிருக்க முனையில் பீங்கான் வை என்றார் இன்னொருவர். பீங்கானுக்குப் பாபநாசம் கடைத்தெரு முழுதும் அலைந்துவிட்டு, கடைசியில் மருந்து பாட்டில் கழுத்தை வெட்டி வைத்தேன். அணில் ஓடியது, காக்கை உட்கார்ந்தது. என் மனைவியின் பாவாடையை எடுத்தால் விருந்துக்கு வந்திருந்த அவள் தங்கையின் துண்டு தொங்கியது. இத்தனைக்கும் பிறகு சட்டைப்பையில் சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டு வயலை நோக்கி நடந்தால், மாட்டுக்கொட்டகை வரைக்கும்தான் சத்தம் வந்தது. மாட்டுக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பாய்க்குப் போன் செய்தேன். "எர்த்து எப்படி அடிச்சீங்க?" என்றார்.

எங்கள் மண் களிமண். தண்ணீர் நின்றால் காலைக் கவ்விக்கொள்ளும். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முந்தைய வைகாசி மாதத்தில் அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும். அதில் இரும்புக் கம்பியை அடித்தால் காற்றில் சொருகியது மாதிரிதான். நான் அடித்த கம்பியை மாடு முட்டினாலே ஆடியது.

"உப்பும் கரியும் போட்டுத் தண்ணி ஊத்துங்க" என்றார் பாய்.

குழி வெட்டி, அடுப்புக்கரி போட்டு, கல்லுப்பு போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய தண்ணீர் எந்த வெடிப்புக்குள் போனதோ தெரியாது, ஒரு வாரத்தில் கொல்லையில் இருந்த கறிவேப்பிலைச் செடி கருகியது. என் மனைவி அந்தச் செடிக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ரசத்தில் கறிவேப்பிலை இல்லாதபோதெல்லாம், "எர்த்து குடிச்சிருச்சு" என்று பரிமாறுவாள்.

குழி பலிக்கவில்லை என்றதும் பாய், கம்பிகளைத் தரையில் நாலாபக்கமும் பரப்பச் சொன்னார். பரப்பினேன். குறுவைக்கு உழ வந்த ரொட்டவேட்டர் அதை நூல்கண்டு மாதிரி சுருட்டிக்கொண்டது. ஓட்டியவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "என்னண்ணே, நெல்லு போடப்போறியளா, கரண்டு போடப்போறியளா?" என்றான். அந்தக் கம்பியை அறுத்தெடுக்க அவனுக்கு உதவியாக மத்தியானம் முழுவதும் நானே படுத்துக் கிடந்தேன்.

அப்போதுதான் இரும்புக் குழாய் கண்ணில் பட்டது.

எங்கள் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. அப்பா காலத்தில் போர்வெல் தண்ணீர் நேராக அதில் வந்து விழ, மோட்டார் கொட்டகையிலிருந்து தொட்டி வரைக்கும் மண்ணுக்குள் இரும்புக் குழாய் புதைத்திருந்தார். பாகப்பிரிவினையில் போர் அண்ணன் பக்கம் போனது. மனஸ்தாபத்துக்குப் பிறகு அவர் வால்வை மூடிவிட்டார். தண்ணீர் நின்றதே தவிர குழாய் அப்படியே இருந்தது. இத்தனை நீளமான இரும்பு, அந்த முனையில் போருக்குள் இறங்கி ஆழத்துத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இதைவிட நல்ல எர்த் வேறு எங்கே கிடைக்கும்? கையில் வைத்துக்கொண்டு தேடியிருக்கிறேன். துருவைச் சுரண்டிக் கம்பியைச் சுற்றி கிளாம்ப் போட்டேன்.

அன்று மத்தியானம் ரேடியோவோடு நடந்தேன். மாட்டுக்கொட்டகை தாண்டியது. என் வயல் தாண்டியது. வரப்பில் நின்றபோது, டிரான்ஸ்மிட்டரோடு செருகி வைத்துவிட்டு வந்த என் போனில் ஓடிய நாகஸ்வரம் சட்டைப்பை ரேடியோவில் கேட்டது. சந்தோஷப்பட்டிருப்பேன், கூடவே ஒரு இரைச்சல் வராமல் இருந்திருந்தால். 'கொர்ர்ர்' என்று, மாவு மில்லுக்குள் நின்று நாகஸ்வரம் கேட்பது மாதிரி.

காலையில் போட்டுப் பார்த்தால் அந்த இரைச்சல் இல்லை. எனக்குத் தேவையான மத்தியானத்தில் மட்டும் வந்தது. போனை மாற்றினேன். அடாப்டரை எடுத்துவிட்டு மைக் செட் பேட்டரியை வைத்தேன். காயிலைத் திருப்பி வைத்தேன். குழாயைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றினால் நாகஸ்வரமும் கூடியது, இரைச்சலும் கூடியது. பாய்க்குப் போன் செய்தால் நாகூர் போயிருக்கிறேன், வந்து பேசுகிறேன் என்றார். வந்த பிறகு போன் செய்தால், "எர்த்து நல்லா இருக்கா?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இதற்குள் ஆனி பிறந்துவிட்டது. அடிக்க வேண்டிய பத்திரிகை அடித்து வந்துவிட்டது. ஊர் பூராவும் வைத்தாகிவிட்டது, ஒரு கொட்டகையைத் தவிர. இரைச்சலோடு இருந்தாலும் சொல்லிவிடுவோம் என்று சில நாள் மத்தியானம் மைக்கைக் கையில் எடுத்தேன். "அண்ணே" என்பேன். அதற்கு மேல் வராது. டிபன் டப்பாவைப் பார்த்துப் பேசவே எனக்கு வெட்கமாக இருந்தது. அணைத்துவிடுவேன்.

"தட்டு அலமாரியில அப்படியே இருக்கு" என்பாள் மனைவி.

"இரைச்சல் மட்டும் போயிருச்சுன்னா..."

"இரைச்சல் எங்கங்க இருக்கு? ஒங்க தொண்டையிலதான் இருக்கு."

அவளுக்கு அந்த நாட்களில் இன்னொரு தொல்லையும் இருந்தது. அவள் குடத்தில் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பும் தண்ணீரை மாடு குடிக்கவில்லை. காலையில் குடிக்கும். மத்தியானம் வாயைக் கொண்டுபோகும், உடனே தலையை உதறிக்கொண்டு பின்னால் போகும். நீங்கள் ஊற்றிய உப்புதான் தொட்டியில் இறங்கிவிட்டது என்று என்னைத் திட்டினாள். தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள். அப்புறமும் மாடு குடிக்கவில்லை. அதற்கு வாளியில் தனியாகத் தண்ணீர் சுமந்து வைத்தாள். வைக்கும்போதெல்லாம் ஏரியலைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள்.

ஒரு நாள் மத்தியானம் குழாயில் போட்ட கிளாம்ப் லேசாக இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. அதனால்தான் இரைச்சல் என்று முடிவு கட்டிக்கொண்டு, காலடியில் ஊற்றிய தண்ணீர் காய்வதற்குள், வெறுங்காலோடு போய்க் குழாயைப் பிடித்தேன்.

சுர்ரென்று முழங்கை வரைக்கும் இழுத்தது.

கையை உதறிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் டிரான்ஸ்மிட்டர் அப்போது அணைந்திருந்தது. வீட்டு வயர் எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை. எர்த்துக்குள் கரண்ட் எங்கிருந்து வரும்? மைக் செட்டில் வைத்திருக்கும் டெஸ்டரைக் கொண்டுவந்து குழாயில் வைத்தேன். சிவப்பாக எரிந்தது. மாடு தூரத்தில் நின்று என்னைப் பார்த்தது. நான் இத்தனை நாளாகச் சொன்னது இப்போதுதான் புரிந்ததா என்று கேட்பது மாதிரி இருந்தது.

இந்தக் குழாய் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், எங்கள் வாய்க்காலுக்கு இன்றோ நாளையோ வரும் என்று காலையில்தான் பேசிக்கொண்டார்கள். தண்ணீர் வந்தால் கொட்டகைத் தரை முழுதும் ஈரமாகிவிடும். அவர் எப்போதும் வெறுங்காலில் நடப்பவர். நான் சட்டை போடாமல், கையில் டெஸ்டரோடு, வயலுக்கு நடுவே ஓடினேன். வரப்பைத் தாண்டியதுகூட நினைவில்லை.

கொட்டகையில் அண்ணன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். தலைமாட்டில் ரேடியோ உஸ்ஸென்று இருந்தது. ஒரு டேபிள் ஃபேன் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஒரு வயர் சுவிட்ச் போர்டுக்குப் போனது. இன்னொரு வயர் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயில் சுற்றியிருந்தது.

"அண்ணே, கீழ காலை வைக்காதீங்க" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடா?"

"அந்தக் குழாயைத் தொட்டுடாதீங்க. கரண்டு இருக்கு."

"அதுல எப்படி இருக்கும்? அதுதான்டா எர்த்து. இங்க வர மோட்டார் லைன்ல மூணு பேஸ்தான், கரண்டு திரும்பிப் போற நியூட்ரல் இல்ல. அதனால ஒரு பேஸை எடுத்து, ஒரு முனையை அப்பா போட்ட குழாயில சுத்தி விட்டிருக்கேன். போன வருசத்துலேருந்து ஓடுது."

"குழாய் கீழ எங்கண்ணே போகுது?"

"போருக்குள்ள."

"போருக்குள்ள இறங்குறது பிளாஸ்டிக் குழாயாவுல்ல தெரியுது?"

அவர் எழுந்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பழைய போர் தூர்ந்துபோய், அதைப் பிடுங்கி எடுத்துவிட்டு, பக்கத்தில் புதுப் போர் போட்டிருந்தார். புதுப் போரில் இறக்கியது முழுக்கப் பிளாஸ்டிக் குழாய். அவர் போர் போட்டபோது நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அதனால் எனக்குத் தெரியாது. பழைய குழாய் இன்னும் எதையோ தொட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துவிட்டதால் அவருக்கும் தோன்றவில்லை. முழங்கால் ஆழத்தில், காய்ந்து வெடித்த களிமண்ணுக்குள், இந்தக் கொட்டகைக்கும் என் மாட்டுத் தொட்டிக்கும் நடுவில் அது சும்மா படுத்துக் கிடந்தது. தொட்டியடி காய்ந்திருந்த வரைக்கும் மாட்டுக்கும் அது தெரியவில்லை, நான் ஊற்றிய தண்ணீர்தான் காட்டிக்கொடுத்தது.

"அப்ப இது எங்கடா போகுது?"

"எங்க மாட்டுத் தொட்டிக்கு."

சுவிட்சை அணைத்தார். ஃபேன் நின்றது. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை.

"கோடையில இந்த ஃபேன் சுத்தவே சுத்தாது. குழாயடியில நான் ஒரு சொம்பு தண்ணி ஊத்துவேன், கொஞ்சம் சுத்தும். ஆனா சில நாளு நான் ஊத்தாமலே திடீர்னு வேகம் எடுத்துரும். காத்து அள்ளிக்கிட்டுப் போகும். என்னடா இதுன்னு நானும் யோசிப்பேன்."

"அது நான் ஊத்துனது."

"நீ எதுக்குடா ஊத்துன?"

சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஏரியல், காயில், உப்பு, கரி, கறிவேப்பிலை, ரொட்டவேட்டர் எல்லாவற்றையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, ரேடியோவைத் தட்டினார்.

"அப்ப அந்த மாவு மில்லு நீதானா? நிம்மதியா ஒரு மத்தியானம் தூங்குனேனா? பேட்டரியை மாத்துனேன். ரேடியோவை வெயில்ல வெச்சேன். மேல நாலு தட்டு தட்டுனேன்."

"ஒங்க ஃபேனுதாண்ணே எனக்கு இரைஞ்சுது."

"ஒன் கம்பிதான்டா எனக்கு இரைஞ்சுது." கொஞ்சம் நிறுத்தி, "நடுநடுவுல ஒருத்தன் 'அண்ணே'ங்குறான். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. நானும் ரேடியோகிட்ட 'சொல்லுடா, சொல்லுடா'ங்குறேன். பாத்தவன் என்ன நெனச்சிருப்பான்?"

"நான்தான்னு தெரியுமா?"

"ஒன் குரல் எனக்குத் தெரியாதா?"

நான் டெஸ்டரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"இப்பத்தான் நேர்ல வந்துட்டியே. இப்பவாவது சொல்லு."

"எர்த்து சரியில்ல."

"அது தெரிஞ்சுபோச்சு. அடுத்தது?"

"கல்யாணம்" என்றேன். "ஆவணியில. அவ ஒங்களைத்தான் கேக்குறா. நீங்க வரலைன்னா மணையில உக்கார மாட்டேங்குறா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஃபேனும் இல்லையே.

"தட்டு எங்க?" என்றார்.

நான் கையிலிருந்த டெஸ்டரைப் பார்த்தேன்.

"ரேடியோவுல வெத்தல பாக்கு வெக்கலாம்னு நெனச்சியா? எங்கியாவது உண்டாடா இது? வெறும் மேலோட, கையில டெஸ்டரோட வந்து பொண்ணு கல்யாணம் சொல்றான். போயி அவளைக் கூட்டிக்கிட்டுத் தட்டோட வா. நான் சட்டை போட்டுக்கிட்டு இருக்கேன்."

திரும்பிப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் மனைவி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். புடவையை மாற்றிக்கொண்டு, அலமாரியைத் திறந்து தட்டை எடுத்தாள். பழம் மட்டும் கறுத்துப்போயிருந்தது என்று வேறு சீப்பு வைத்தாள். அந்தப் புதுச் சீப்பை என்றைக்கு வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருமாக வயலில் நடந்தோம். அந்த வரப்பில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. அவள் தட்டோடு முன்னால் போனாள், நான் பின்னால் போனேன்.

அண்ணன் சலவைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, கொட்டகை வாசலில் நின்றிருந்தார். "வாங்க" என்றார், தினமும் வருகிறவர்களைச் சொல்வது மாதிரி. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பத்திரிகையைக் கைக்கு எட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். பெரியப்பா என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. அதை மனைவிதான் போடச் சொல்லியிருந்தாள்.

"பொண்ணுகிட்ட சொல்லிரும்மா, நான் முன்னாடி நாளே வந்துருவேன்" என்று என் மனைவியிடம் சொன்னார். பிறகு என்னிடம், "மைக் செட்டை வேற எவன்கிட்டயாவது குடு. பொண்ணைப் பெத்தவன் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தா மணையில யாரு உக்காருறது?"

வரப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அது இன்னும் கயிறு மாதிரிதான் இருக்கிறது.

மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. லைன்மேனை அழைத்து வந்து கொட்டகைக்கு நியூட்ரல் இழுக்கச் சொன்னோம். அது வரைக்கும் ஃபேன் போடக்கூடாது என்று லைன்மேன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாடு அன்று மத்தியானமே தொட்டியில் குடித்தது. வயலில் தண்ணீர் நின்றதும் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. இத்தனை நாள் உப்பும் கரியும் போட்டு வராத எர்த், தானாக வந்து என் காலடியில் நின்றது. டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் இரைச்சலே இல்லை. நாகஸ்வரம் கணீரென்று அந்தப் பக்கம் வரைக்கும் போகிறது. இனிமேல் அதில் சொல்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் அதை நிறுத்தவும் முடியவில்லை. ஃபேனையும் பிடுங்கிவிட்டாய், இரைச்சலையும் எடுத்துவிட்டாய், நான் எப்படித் தூங்குவது என்று அண்ணன் சண்டைக்கு வந்தார். அதனால் இப்போது தினமும் மத்தியானம், நிலையம் ஓய்ந்த நேரம் பார்த்து, அவருக்காக ஏதாவது ஒன்றைப் போட வேண்டியிருக்கிறது. இந்தப் பாட்டு வேண்டாம், அதைப் போடு என்று வயலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துகிறார். மைக் செட்டுக்குக் கூப்பிடுகிறவர்கள்கூட இவ்வளவு குறை சொல்வதில்லை.

நேற்று பாட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். முதல் கவளம் வாய்க்குப் போவதற்குள் குரல் வந்தது.

"டேய், சத்தம் கம்மியா வருது. கம்பியில எதோ துணி கெடக்கு. எடுக்கச் சொல்லு."

எட்டிப் பார்த்தேன். ஏரியலில் என் மனைவியின் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது.